பொறியிசைவியும் எரிபொருட் சிக்கனமும்

ஓர் ஊர்தி ஒரு லிட்டர் எரிபொருளைச் செலவிட்டுக் கடக்கும் தொலைவை ஓட்டப்பேறு என்று வரையறுக்கலாம். வண்டியோட்டுவோர் மைலேஜ் என்று சொல்வது இதனையே. வரையறை எளியதாகத் தோன்றினும் அதனுள் இரண்டு அளவைகள் அடங்கியுள்ளன; மேலே நிற்பது தொலைவு, கீழே நிற்பது எரிபொருள். இவற்றுள் எது மாறினும் தகவு மாறும். அளக்கும் கருவி பிழைபட்டாலோ, இரண்டும் மாறாதிருக்கத் தகவு மட்டும் மாறியதுபோல் தோன்றும். ஓட்டப்பேற்றைக் கூட்ட விழைவோர் பெரும்பாலும் எரிபொருளின் மீதே கண் வைக்கின்றனர். தொலைவு எவ்வாறு அளக்கப்படுகிறது என்று கேட்போர் அரியர். பொறியிசைவி என்னும் சிறு கருவியின் உண்மைப் பயனும், அதன்மேல் ஏற்றிச் சொல்லப்படும் பொய்ப்புகழும் இவ்விடத்திலேயே பிரிகின்றன.

பொறியிசைவி யாது? இக்காலத்து உந்துபொறி ஒவ்வொன்றையும் ஒரு சிறு கணினி ஆள்கிறது. அதனை ஆள்கணினி என்போம். உருளைகளுக்குள் எவ்வளவு வளி புகுந்தது, பொறி எத்துணை விரைவாகச் சுழல்கிறது, அதன் வெப்பம் என்ன, ஓட்டுநரின் கால் மிதியை எவ்வளவு அழுத்தியுள்ளது என்பவற்றை உணரிகள் வாயிலாக அறிந்து, எவ்வளவு எரிபொருள் பீச்சப்பட வேண்டும், தீப்பொறி எப்போது தெறிக்க வேண்டும், பல்லிணை எவ்விரைவில் மாற வேண்டும் என்று நொடிக்குப் பன்முறை அது முடிவு செய்கிறது. அம்முடிவுகளுக்கு அடிப்படையான எண்கள் அதன் நினைவகத்தில் முன்னமே பட்டியல்களாக எழுதப்பட்டுள்ளன; ஒரு பக்கம் சுழற்சி விரைவு, மறுபக்கம் சுமை, இடையே கட்டத்துக்கு ஓர் எண். டியூனர் என்று கடைகளில் விற்கப்படும் கையடக்கக் கருவி அவ்வெண்பட்டியல்களைப் படித்து, தேர்ந்த இடங்களில் வேறெண்களை எழுதுகிறது. இதுவே பொறியிசைவி. அது பொறிக்குள் புதிதாக எதனையும் சேர்ப்பதில்லை. உள்ளவற்றின் ஒழுங்கை மாற்றுவதே அதன் தொழில்.

முன்னாளில் இத்தொழிலைத் திருப்புளியே செய்தது. எரிபொருளும் வளியும் கலக்கும் கலவைக்கலத்தின் திருகாணியைத் திருகியும், தீப்பொறிப் பகிர்வியைச் சற்றே திருப்பியும் பணிமனையார் காதால் கேட்டுப் பொறியைச் செம்மை செய்தனர். 1976இல் போஷ் நிறுவனம் ஆக்கிய உயிர்வளி உணரி வோல்வோ ஊர்தியில் இடம்பெற்றதும், 1979இல் அதே நிறுவனம் தீப்பற்றலையும் எரிபொருட் பீச்சலையும் ஒரே கணினியின்கீழ்க் கொணர்ந்ததும் காதின் ஆட்சியை முடித்து எண்ணின் ஆட்சியைத் தொடங்கி வைத்தன. 1996 முதல் அமெரிக்க ஒன்றிய நாட்டில் விற்கப்படும் கார்கள் அனைத்திலும் ஓட்டுநரின் முழங்காலருகே 16 முனைகள் கொண்ட செருகுவாய் ஒன்று இருந்தாக வேண்டும் என்று சட்டம் வகுக்கப்பட்டது. புகைக் கோளாறுகளை ஆய்ந்தறிய ஏற்பட்ட அவ்வாயின் வழியாகவே பொறியிசைவியும் உட்புகுகிறது. காப்புக்கென அமைத்த வாயிலே மாற்றத்துக்கும் வாயிலாயிற்று. 2018 முதல் சில ஆக்குநர்கள் அவ்வாயிலுக்கு உட்புறம் ஒரு பூட்டும் இட்டுவிட்டனர்.

இனி, கரடுநில ஊர்தி. செப்பமிட்ட சாலை முடியும் இடத்திலும் ஓடுதற்கென உயர்ந்த அடிவயிறும், வட்டை எனப்படும் டயர் நான்குக்கும் உந்துவிசையும், இறங்குபல்லிணையும் கொண்டது கரடுநில ஊர்தி. அவ்வினத்தின் முன்னோடிகளுள் ஒன்று 1941இல் போருக்கெனப் பிறந்த ஜீப். அதன் வழித்தோன்றலாகிய ராங்லர் ஊர்தியின் 2007 முதல் 2018 வரை விளங்கிய தலைமுறையை இக்கட்டுரைக்கு உரைகல்லாகக் கொள்கிறேன். பொறியிசைவி பெரிதும் செருகப்படும் ஊர்திகளுள் அதுவும் ஒன்று. 2012 முதல் அதற்கு 3.6 லிட்டர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் 285 குதிரைத்திறனும் உடைய பெட்ரோல் பொறி வாய்த்தது. அரசு அளவீட்டின்படி அதன் ஓட்டப்பேறு நகர்க்குள் காலனுக்கு 17 மைல், நெடுஞ்சாலையில் 21 மைல். நம் அளவையில் முறையே லிட்டருக்கு 7.2 கிலோமீட்டரும் 8.9 கிலோமீட்டரும் ஆகும். இதனைக் கூட்ட வேண்டும் என்னும் வேட்கை எழுவதில் வியப்பில்லை.

வேட்கைக்கு முன் கணக்கு நிற்க வேண்டும். ஓடும் ஊர்தியைத் தடுக்கும் விசைகள் நான்கு வகைப்படும்: வட்டை நெளிந்து நெளிந்து மீள்வதால் எழும் உருளல் தடை, வளியைப் பிளந்து செல்வதால் எழும் வளித்தடை, ஏற்றத்தில் எதிர்க்கும் புவியீர்ப்பு, விரைவைக் கூட்டுங்கால் நிறை காட்டும் மறுப்பு. சமதளத்தில் ஒரே விரைவில் செல்லும்போது பின்னிரண்டும் இல்லை, முன்னிரண்டே ஆள்கின்றன. அவற்றுள் உருளல் தடை விரைவோடு பெரிதும் மாறுவதில்லை. வளித்தடையோ விரைவின் இருமடியாக வளர்கிறது. தட்டையான முன்கண்ணாடியும் பெட்டி போன்ற உடலும் கொண்ட ராங்லரின் வளித்தடை எண் ஏறத்தாழ 0.5, தாழ்ந்து வழுவழுத்த இக்காலக் கார்களுக்கு அது 0.3க்கும் கீழே நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஊர்தியின் நிறை, சுமையோடு 2,000 கிலோகிராம். உருளல் தடை எண் 0.015, வளித்தடை எண்ணையும் முகப்புப் பரப்பையும் பெருக்கிய தொகை 1.3 சதுர மீட்டர் எனக் கொள்க. மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் உருளல் தடை 294 நியூட்டன். வளித்தடை ஏறத்தாழ 602 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 896. இவ்விசையை எதிர்த்து 100 கிலோமீட்டர் செல்ல வேண்டிய ஆற்றல் 89.6 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் உறைகிறது. அதில் கால்பங்கே வட்டையைச் சேர்கிறது என்று கொண்டால் 8 மெகாஜூல். ஆக 11.2 லிட்டர் வேண்டும். ஓட்டப்பேறு லிட்டருக்கு 8.9 கிலோமீட்டர். அரசு அளந்து தந்த நெடுஞ்சாலை எண்ணும் நாம் தாளில் பெற்ற எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்பது ஓரளவு தற்செயலே. ஆயினும் நம் கணக்கின் எடுகோள்கள் நிலத்தை விட்டு விலகவில்லை என்பதற்கு அது போதிய சான்று.

இக்கணக்கிலேயே மணிக்கு 100 என்பதை 90 ஆக்கிப் பாருங்கள். வளித்தடை 488 நியூட்டனாகத் தாழ்கிறது, தொகை 782. எரிபொருள் 11.2 லிட்டரிலிருந்து 9.8 லிட்டராகக் குறைகிறது. எக்கருவியும் வாங்காமல், காலைச் சற்றே தளர்த்தியதற்கு எட்டில் ஒரு பங்கு மிச்சம். பொறியிசைவி தருவதாகச் சொல்லும் எந்த மிச்சத்தையும் இந்த எட்டில் ஒன்றோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும்.

ஆற்றலின் முக்கால் பங்கு எங்கே போயிற்று? பெரும்பாலும் பொறிக்குள்ளேயே. பெட்ரோலின் வெப்பத்தில் ஒரு பெரும்பங்கு புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பெரும்பங்கு குளிர்நீர் வழியாகக் காற்றில் கரைகிறது. உராய்வுக்கும் வளியை உறிஞ்சும் உழைப்புக்கும் ஒரு பங்கு. 1876இல் நிக்கொலாசு ஓட்டோ நிறுவிய நான்கு வீச்சுச் சுழற்சியின் இலக்கணப்படி, பயனுறுதிறன் எவ்வளவு என்பதை அழுத்தத் தகவே தீர்மானிக்கிறது. நம் ராங்லரின் அழுத்தத் தகவு 10.2, இழப்பே இல்லாத கற்பனைச் சுழற்சியில் அதற்கு 60 விழுக்காடு பயனுறுதிறன் கிடைக்க வேண்டும். உண்மைப் பொறி அதன் அருகிலும் வருவதில்லை. அழுத்தத் தகவு என்பது மாழையில் வார்த்த வடிவம். எண்ணை மாற்றி அதனை மாற்ற இயலாது. ஆகவே பொறியிசைவியின் ஆட்சி எல்லை, வார்ப்பு விட்டுவைத்த இடத்துக்குள் அடங்கியது.

அவ்வெல்லைக்குள் அது தொடக்கூடிய பட்டியல்கள் ஐந்து இனத்தன: எரிபொருட் பட்டியல், தீப்பற்றற் பட்டியல், மிதிப் பட்டியல், பல்லிணை மாற்றப் பட்டியல், அளவைப் பட்டியல். முதலில் சொன்னது ஓட்டப்பேற்றுக்கு மிக நெருங்கியது என்று தோன்றும். ஆராய்ந்தால் மிகக் குறைந்த இடம் உள்ளது அதுவே.

ஏனெனில் பெட்ரோலின் ஒவ்வொரு கிலோகிராமும் எச்சமின்றி எரிவதற்கு 14.7 கிலோகிராம் வளி வேண்டும். இதனை முற்றெரி தகவு என்போம். புகைக்குழாயில் அமர்ந்த உயிர்வளி உணரி, கலவை இத்தகவின் இப்பால் சாய்ந்ததா அப்பால் சாய்ந்ததா என்று ஓயாது சொல்ல, ஆள்கணினி பீச்சும் அளவை ஓயாது திருத்துகிறது. நெடுஞ்சாலையில் ஒரே விரைவில் செல்லும் பொறி இம்மூடிய வளையத்துக்குள்தான் வாழ்கிறது. அங்கே பொறியிசைவி எரிபொருளைக் குறைத்து எழுதினாலும் உணரி அதனைக் கண்டு மீட்டுவிடும். வளையத்தையே உடைத்து வளி மிகுந்த கலவையை எரித்தால் சற்று மிச்சம் கிட்டும் என்பது உண்மை. ஆனால் புகைக்குழாயின் மும்முனை வினையூக்கி, முற்றெரி தகவை ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளியில்தான் மூவகை நஞ்சையும் ஒருங்கே அழிக்கும். வளி மிகுந்தால் நைட்ரசன் ஆக்சைடுகள் அழிவுறாமல் வெளியேறும். அம்மிச்சம் ஊராரின் நுரையீரலில் எழுதப்படும் கடன். அதனைச் சிக்கனம் என்று எண்ணலாகாது.

மிதி முழுதும் அழுத்தப்படும்போது வளையம் திறக்கிறது. அப்போது பொறியைக் குளிர்விக்கவும் முழு முறுக்கம் பெறவும் கலவை செறிவூட்டப்படுகிறது; தகவு 12.5 அளவுக்கு இறங்கும். ஆலையார் காப்புக்காகச் சற்று மிகுதியாகவே செறிவூட்டுவர். பொறியிசைவி அதனை ஒரு சிறிது தளர்த்தலாம். செங்குத்தான ஏற்றங்களில் இதனால் பயனுண்டு. எனினும் மிதியை முழுதும் அழுத்தும் நேரம் ஒருவருடைய ஓட்டத்தில் எவ்வளவு என்று கேட்டால், மிச்சத்தின் சிறுமை தானே விளங்கும்.

தீப்பற்றற் பட்டியல் இதனினும் வளமானது. உருளைக்குள் கலவை ஒரே அடியாக எரிவதில்லை. தீப்பொறியிலிருந்து பிழம்பு பரவிச் செல்லச் சில ஆயிரத்தொருபங்கு நொடிகள் ஆகின்றன. நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும் பொறியின் வணரித்தண்டு ஓர் ஆயிரத்தொருபங்கு நொடியில் 18 பாகை திரும்பிவிடும். எனவே உந்துதண்டு மேல்முனையை அடையுமுன்னரே தீப்பொறி தெறித்தாக வேண்டும். மிக முன்னதாகத் தெறித்தால் ஏறிவரும் உந்துதண்டை எரிவளி எதிர்த்து அழுத்தும்; மிகப் பின்னதாகத் தெறித்தால் இறங்கியோடும் உந்துதண்டைத் துரத்திக்கொண்டு வெப்பம் வீணே புகைவழி போகும். இவ்விரண்டுக்கும் நடுவே, உருளையின் அழுத்தம் மேல்முனைக்கு ஏறத்தாழ 15 பாகை பின்னர் முகடு தொடுமாறு தீப்பொறியை வைக்கும் ஒரு நிலை உண்டு. ஒவ்வொரு விரைவுக்கும் ஒவ்வொரு சுமைக்கும் அது வேறுவேறு. அதனைச் செவ்விய முந்தல் என்று குறிக்கலாம்.

அச்செவ்விய முந்தலை ஆலையாரே எழுதியிருக்க, பொறியிசைவிக்கு என்ன வேலை? இங்கேதான் தட்டல் குறுக்கிடுகிறது. சுமை மிகும்போது பிழம்பு வந்து சேருமுன் எஞ்சிய கலவை தானே வெடித்து மாழையைத் தட்டும். பணிமனைகளில் நாக்கிங் எனப்படுவது. அதனைத் தவிர்க்க, உயர்சுமையில் செவ்விய முந்தலுக்குச் சில பாகை பின்னதாகவே ஆலையார் தீப்பொறியை வைக்கின்றனர். தாழ்ந்த ஆக்டேன் எண் கொண்ட எரிபொருளை ஒருவர் நிரப்பினாலும் பொறி பிழைக்க வேண்டும் அன்றோ. அமெரிக்காவில் இயல்பு வகை 87 எண்ணும், உயர்வகை 91 அல்லது அதற்கு மேலும் கொண்டது. உயர்வகையையே நிரப்புவேன் என்று உடையவர் உறுதி சொன்னால், பின்தள்ளிய அந்தச் சில பாகையைப் பொறியிசைவி மீட்டுத் தரலாம். முறுக்கம் கூடும், ஏற்றத்தில் பல்லிணை இறங்காமல் நிற்கும். ஆனால் சமதள நெடுஞ்சாலையின் இளஞ்சுமையில் தட்டலுக்கே இடமில்லையாதலின் ஆலைப்பட்டியல் ஏற்கெனவே செவ்விய முந்தலில்தான் இருக்கிறது. முந்தலின் வளைவரையும் முகட்டருகே தட்டையானது. ஓரிரு பாகை திருத்துவதால் அளந்தறியும் அளவுக்கு எதுவும் நிகழாது. மீண்டும் மிச்சம் சிறிதே. உயர்வகையின் விலை மிகுதியைச் சேர்த்துப் பார்த்தால், லிட்டருக்குக் கிலோமீட்டர் கூடியும் கிலோமீட்டருக்குப் பணம் குறையாது போகலாம். விலை 15 விழுக்காடு ஏறி, ஓட்டப்பேறு 3 விழுக்காடு ஏறினால் உடையவருக்கு இழப்பே.

மலைகளைப் பற்றி இடையே ஒரு சொல். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் வளியழுத்தம் ஐந்தில் நான்கு பங்காகிவிடுகிறது. உருளைக்குள் குறைந்த வளி, ஆதலின் குறைந்த தட்டல். பாறைமலை மாநிலங்களில் 85 எண் கொண்ட பெட்ரோல் விற்கப்படுவது இதனை ஒட்டியே. மலையில் ஒரு பொறியிசைவி நன்றென்று சொன்ன பட்டியல் கடற்கரையில் தட்டலாம் என்பதை அதனை எழுதியவர் நினைவிற் கொள்ள வேண்டும்.

மிதிப் பட்டியலே மக்களைப் பெரிதும் மயக்குவது. மிதிக்கும், வளியை உள்விடும் நெரிகதவுக்கும் இடையே இப்போது கம்பியில்லை. மிதி ஒரு வேண்டுகோள், கதவைத் திறப்பது ஆள்கணினி. மிதியைக் கால்பங்கு அழுத்தினால் கதவு அரைப்பங்கு திறக்குமாறு எண்ணை மாற்றிவிட்டால் ஊர்தி துள்ளிப் பாயும். உடையவர் பொறிக்குப் புதுவலிமை வந்ததாக மகிழ்வார். ஒரு குதிரைத்திறனும் கூடவில்லை, எரிபொருள்தான் கூடும். சிக்கனம் விழைபவர் இதனை மறுபுறமாகத் திருப்ப வேண்டும்: நீண்ட மிதிக்குச் சிறு திறப்பு. அப்படிச் செய்து விற்கப்படும் சிக்கனப் பட்டியலை ஊர்தி சோம்பிவிட்டது என்று பலர் ஓரிரு நாளில் நீக்கிவிடுகின்றனர். அச்சோம்பலே அதன் பயன் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இனி, அளவைப் பட்டியல். விளம்பரங்களில் கடைசி வரியில் சிறு எழுத்தில் நிற்பது. என் மதிப்பீட்டில் பொறியிசைவியை வாங்குதற்குரிய முழுத் தகுதியும் இதிலேயே உள்ளது.

கரடுநில ஊர்தியை வாங்கியவர் முதலில் செய்யும் மாற்றம் பெரும்பாலும் வட்டை மாற்றமே. ரூபிகான் வகை ராங்லரோடு வரும் 255/75 ஆர் 17 வட்டையின் குறுக்களவு 814 மில்லிமீட்டர், அதாவது 32 அங்குலம், சுற்றளவு 2.56 மீட்டர். பாறைமேல் ஏற அதனைக் கழற்றி 35 அங்குல வட்டையை மாட்டுகின்றனர், சுற்றளவு 2.79 மீட்டராகிறது. ஆள்கணினிக்கு இது தெரியாது. வட்டை எத்தனை முறை சுழன்றது என்பதை மட்டுமே அது எண்ணுகிறது. சுற்று ஒன்றுக்குத் தொலைவு எவ்வளவு என்பதைத் தன் பட்டியலில் உள்ள பழைய எண்ணால் பெருக்குகிறது. மரக்கால் பெரிதாகிவிட்டதை அறியாமல் பழைய கணக்கிலேயே நெல் அளப்பவன், களஞ்சியத்தில் உள்ளதைவிடக் குறைவாகவே ஏட்டில் எழுதுவான். அதுபோல் தொலைவுமானி 100 கிலோமீட்டர் காட்டும்போது ஊர்தி உண்மையில் 109 கிலோமீட்டர் சென்றிருக்கும்.

பிழை தொலைவோடு நில்லாது. விரைவுமானியும் அதே பழைய எண்ணையே நம்புகிறது. முள் 100இல் நிற்க ஊர்தி 109இல் ஓடும். முன்செய்த கணக்கில் 109ஐ (நுட்பமாக 109.2) இட்டால் வளித்தடை 718 நியூட்டன், தொகை 1,012. எரிபொருள் 100 கிலோமீட்டருக்கு 12.65 லிட்டர். உண்மை ஓட்டப்பேறு 7.9. குறைத்துக் காட்டும் தொலைவுமானியைக் கொண்டு கணக்கிடும் உடையவர் தம் ஏட்டில் எழுதுவதோ 7.2. வட்டை மாற்றியதும் 8.9 இலிருந்து 7.2க்கு விழுந்துவிட்டது என்று அவர் வருந்துகிறார். அவ்வீழ்ச்சியில் ஒரு பகுதி அறியாமல் மிகுதியாக ஓடிய விரைவு. மறுபகுதி வெறும் பொய்க்கணக்கு.

இப்போது பொறியிசைவியைச் செருகி, வட்டையின் குறுக்களவு 35 அங்குலம் என்று ஓர் எண்ணை எழுதுகிறார். முள் உண்மை சொல்லத் தொடங்குகிறது. அவர் வழக்கம்போல் 100இல் ஓட்டுகிறார். இம்முறை அது மெய்யான 100. ஏட்டில் மீண்டும் 8.9. கலவையில் ஒரு துளியும், தீப்பொறியில் ஒரு பாகையும் மாறவில்லை. ஆயினும் 23 விழுக்காடு ஏற்றம்! பொறியிசைவியால் ஓட்டப்பேறு கால்பங்கு கூடியது என்று சொல்வோர் பலர் பொய் சொல்வதில்லை. அவர்கள் ஏட்டில் அவ்வெண் உண்மையாகவே இருக்கிறது. பொருள்தான் வேறு. உள்ளபடி, பெரிய வட்டையின் மிகை எடையும் கரட்டுப் பற்களின் உருளல் தடையும் உயர்ந்த உடலின் வளித்தடையும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை, சேர்த்தால் 8.9 முழுதும் மீளாது. எண்கள் தாழும், அமைப்பு மாறாது.

முந்தைய தலைமுறை ஜீப்புகளில் இத்திருத்தம் கையால் தொடக்கூடியதாக இருந்தது. விரைவுமானிக்குச் செல்லும் சிறு நெகிழிப் பற்சக்கரத்தைக் கழற்றி, பற்கள் வேறுபட்ட மற்றொன்றை மாட்டினால் போதும். இப்போது அப்பற்கள் எண்ணாகி நினைவகத்துக்குள் புகுந்துவிட்டன. அதனால்தான் ஓர் எண்ணை மாற்ற ஒரு கருவி வேண்டியிருக்கிறது.

வட்டை பெருத்தால் பல்லிணையும் இசைகுலைகிறது. அச்சுப் பல்லிணைத் தகவு 4.10 உடைய தானியங்கி ராங்லர், உயர்பல்லிணையில் 100 கிலோமீட்டர் விரைவில் ஏறத்தாழ 2,220 சுற்றில் ஓடும். 35 அங்குல வட்டையோடு அது 2,030 ஆகத் தாழ்கிறது. சுழற்சி தாழ்வது உராய்வையும் உறிஞ்சற் செலவையும் குறைக்குமாதலின் சமதளத்தில் இது நன்மையே. பெரிய வட்டையிட்டும் சிலர் நெடுஞ்சாலையில் பெரிதாக எதனையும் இழக்காததன் மறைபொருள் இதுவே. ஆனால் சிறு ஏற்றம் வந்தாலும் தாழ்சுழற்சியின் முறுக்கம் போதாது. பல்லிணை இறங்கும், ஏறும், மீண்டும் இறங்கும். ஒவ்வோர் இறக்கத்திலும், பொறியையும் பல்லிணையையும் இணைக்கும் பாய்ம இணைப்பியின் பூட்டுத் திறந்து ஆற்றல் நெய்யைச் சூடாக்குவதில் கரையும். இதற்கு இரண்டு மருந்துகள். ஒன்று, அச்சுப் பல்லிணையையே மாற்றுவது: 4.10ஐ வட்டையின் பெருக்கத்தால் பெருக்கினால் 4.48, கடையில் கிடைப்பது 4.56, சுழற்சி 2,260க்கு மீள்கிறது. அதுவே முழு மருந்து, விலையும் மிகுதி. மற்றொன்று, மாற்றப் புள்ளிகளையும் பூட்டு விழும் விரைவையும் பொறியிசைவியால் புதிய வட்டைக்கு ஏற்ப எழுதுவது. முதல் மருந்தை உண்டவரும் 4.56 என்னும் எண்ணை ஆள்கணினிக்குச் சொல்லாவிடில் மீண்டும் மரக்கால் பிழைக்கே வந்து சேர்வார்.

டீசல் ஊர்திகளின் நிலை வேறு. அங்கே தட்டல் தடையில்லை. பீச்சும் நேரத்தை முன்னே நகர்த்தினால் பயனுறுதிறன் உண்மையாகவே ஏறும். உருளையின் வெப்பமும், அதனோடு நைட்ரசன் ஆக்சைடுகளும் ஏறும். அமெரிக்க டீசல் சுமையூர்திகளில் மெய்யான ஓட்டப்பேற்று ஏற்றம் கண்டோர் பலர் இவ்வழியிலேயே கண்டனர். அதனோடு நில்லாமல் சிலர் புகைவடிகட்டியையும் புகைமீள் சுழற்சியையும் கழற்றி எறிந்துவிட்டு, அவை இருப்பதுபோல் கணினியை நம்பவைக்கும் பட்டியலை எழுதினர். அந்நாட்டுத் தூய வளிச் சட்டம் இதனைத் தடைசெய்துள்ளது. பத்தாண்டுக் காலத்தில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் சுமையூர்திகளில் புகைக்காப்பு இவ்வாறு அகற்றப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் காப்பு முகமை 2020இல் மதிப்பிட்டது. கலிபோர்னியாவிலோ, நஞ்சு மிகாது என்று மாநில வளிவள வாரியம் ஆய்ந்து ஆணையெண் வழங்கிய கருவிகளையே சாலையூர்தியில் பூட்டலாம். வாங்குவோர் முதலில் தேட வேண்டியது அவ்வெண்ணை; கருவியின் குதிரைத்திறன் பட்டியலை அன்று.

ஓட்டப்பேறு கூடியதா என்று அறிய ஒழுங்கான ஓட்டாய்வு வேண்டும். முதற்கண் தொலைவுமானியைப் புவியிடங்காட்டியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அதற்குப் பின்னரே எந்தக் கணக்கும். ஒரே நிலையத்தின் ஒரே குழாயில், குழாய் தானே நிற்கும் அளவுக்கு நிரப்பி, பல நிரப்பல்களின் நிரவலை எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் நெய்கள் தடித்து, வளி செறிந்து, பொறி சூடேற நீண்ட நேரம் கொள்ளுமாதலின் பழைய பட்டியலைக் குளிரிலும் புதியதை வேனிலிலும் ஒப்பிடுவது வீண். பணம் கொடுத்துக் கருவி வாங்கியவரின் கால் தானே மெல்லிதாகிவிடுகிறது என்பதும் மறக்கத்தகாத உண்மை. ஆகவே பழையது, புதியது, மீண்டும் பழையது என்று மும்முறை மாற்றி ஓட்ட வேண்டும். ஆலைப்பட்டியலைத் தன்னுள் சேமித்து வைத்து எப்போதும் மீட்டுத் தரும் வசதி நல்ல பொறியிசைவிகளில் உள்ளமையால் இது எளிதே. மீண்டும் பழையதற்குத் திரும்பியும் ஏற்றம் நீடித்தால் அது காலின் ஈட்டம்.

இதுவரை சொன்னவை சாலைக்கு உரியவை. சாலை முடிந்த இடத்தில் ஓட்டப்பேறு என்னும் தகவே தளர்கிறது. சியரா நெவாடா மலையில் டாஹோ ஏரிக்கு மேற்கே 35 கிலோமீட்டர் அளவில் நீளும் ரூபிகான் தடத்தை எண்ணுங்கள். கையியக்க ரூபிகான் ராங்லரின் முதற்பல்லிணை 4.46, இறங்குபல்லிணை 4, அச்சுப் பல்லிணை 4.10, மூன்றும் பெருக்க 73. பொறி 1,000 சுற்றுச் சுழல வட்டை 13.7 சுற்றே சுழலும். ஊர்தி மணிக்கு 2.1 கிலோமீட்டர் ஊரும். 35 அங்குல வட்டையில் 2.3. பாறையருகே நின்று வழி பார்க்கும் நேரத்தில் தொலைவு சுழியம், எரிதல் மட்டும் தொடர்கிறது. அங்கே மிச்சம் பிடிப்பவை வழுக்காத வட்டையும் அடங்கிய மிதியும். வட்டையின் வளியழுத்தத்தைக் குறைத்துப் பிடிப்பைக் கூட்டுவதும், மீண்டும் சாலையேறுமுன் மறவாது நிரப்புவதும். நீண்ட மிதிக்குச் சிறு திறப்பு என்று முன்சொன்ன சோம்பற் பட்டியல் இங்கே தன் முழுத்தகுதியைப் பெறுகிறது. பாறைமேல் துள்ளும் ஊர்தியில் காலும் மிதியும் துள்ளினாலும் நெரிகதவு துள்ளாதவாறு அது காக்கும். அத்தகைய தடத்துக்கு எரிபொருள் எடுத்துச் செல்வோர் கிலோமீட்டரை வகுக்காமல் பொறி ஓடும் மணிகளைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். பொறியிசைவியின் திரையிலும் ஓட்டப்பேற்றுக் கட்டத்தை மூடிவிட்டு, மணிக்கு எத்தனை லிட்டர் என்னும் கட்டத்தைத் திறந்து வைப்பதே தக்கது.